கான்டெசா மோகம்

எமரால்டு பஜார் டீக்கடையில் மறுபடியும் அதே சண்டை. நண்பர் ஒருவர் இருபது வருடமாக ஒரு கான்டெசாவைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். பக்கத்தில் டாக்ஸித் தம்பி ஒருவர் புது டிசையரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "இதெல்லாம் ஒரு காரா? தகர டப்பா! விரலால் அழுத்தினாலே அமுங்குது" என்றார் நண்பர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கான்டெசா அழகுதான். 1984இல் அது வந்தபோது எங்கள் அதிகாரிகளே அம்பாசடரில்தான் போனார்கள். ஒரு கான்டெசா வந்து நின்றால் ஃபைலை மூடிவிட்டு ஜன்னலுக்கு ஓடுவோம். ஆனால் அது அன்றைக்கே பழசு. இங்கிலாந்தில் 1978இல் நிறுத்திவிட்ட வாக்ஸால் விஎக்ஸ் காரின் உடம்பு, உள்ளே அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சின், சுமார் 50 குதிரைத் திறன். ராஜா உடுப்பில் குமாஸ்தா! (நானும் குமாஸ்தாதான், சொல்லலாம்.) பிற்பாடு இசுசு எஞ்சின் வைத்த பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது. இன்றைய டிசையரின் 1.2 லிட்டர் எஞ்சினே 80 குதிரைத் திறனைத் தாண்டுகிறது.

காரைக்காலில் எனக்குப் பாடமெல்லாம் பிரெஞ்சில். கார் சாலையைப் பிடித்து நிற்பதை அவர்கள் 'தெனு த் ரூத்' என்பார்கள். மலையில் அதுதான் பேச்சு. சோபா மாதிரி சீட் அல்ல.

தகரம் கனம் என்பதுதான் நண்பரின் பெரிய வாதம். மோதும்போது காரின் முன்பக்கம் நசுங்கி அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கார் நசுங்காவிட்டால் உள்ளே இருக்கிறவன் நசுங்குவான். அதற்காகவே இப்போது அப்படிக் கட்டுகிறார்கள். 2024இல் வந்த டிசையருக்கு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். ஆறு ஏர்பேக். மேட்டில் நிறுத்தி எடுத்தால் பின்னால் உருளாமல் தானே பிடித்துக்கொள்கிறது.

1988இல் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினோம், வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய காரில். டிரைவர் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டுவிட்டார். பிரேக் சூடேறி நாற்றம் வந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பாறையோரம் உரசித்தான் வண்டி நின்றது. பின் சீட்டில் பெல்ட் கிடையாது. மனைவி மடியில் இருந்த மகளின் நெற்றி முன் சீட்டில் போய் இடித்தது. இரண்டு வயது. நாலு தையல். அந்தத் தழும்பை இன்றும் பொட்டுக்கு மேலே பார்க்கலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பழைய வண்டி நின்றால் இத்தலாரில் எந்த மெக்கானிக்கும் ஸ்பேனரோடு வந்துவிடுவார். புதுசுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், கோயம்புத்தூர் வரை தூக்கிப்போக வேண்டியும் வரும். எரிச்சல்தான். ஆனால் எரிச்சலுக்குத் தையல் போடுவதில்லை.

நண்பரே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை கான்டெசாவை எடுத்தால் அணைக்கட்டு வரை நானும் ஏறிக்கொள்கிறேன், முன் சீட்டில். உங்கள் பேத்தி திங்கட்கிழமை ஊட்டி பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தம்பியின் டிசையரிலேயே போகட்டும்.