தடாவில் அருவி இல்லை

சென்னையிலிருந்து ஒருநாள் மலைநடைக்குப் புறப்படுவோர் அனைவரும் அறிந்த பெயர் 'தடா அருவி'. தடாவிலோ அருவி இல்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழக எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர் அது. அங்கிருந்து காளத்திச் சாலையில் திரும்பி, வரதையபாளையம் கடந்து சென்றால்தான் மலை. 2022இல் திருப்பதி மாவட்டம் உருவாகும்வரை ஊர் நெல்லூர் மாவட்டத்திலும் அருவி சித்தூர் மாவட்டத்திலும் இருந்தன. அருவி விழும் இடத்தின் பெயர் உப்பலமடுகு. வண்டி திரும்பும் இடத்தின் பெயரை மலைக்குச் சூட்டிவிட்டது நகரம்.

பெயர்தானே, இதிலென்ன என்று நாங்களும் எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாத ஞாயிறு ஒன்றில், துறை நண்பர்களும் முதுகலை மாணவர் நால்வருமாக அங்குச் சென்றோம். பாதையென்று தனியே ஏதுமில்லை, ஓடையே பாதை. வீடளவு பாறைகளில் ஏறியும் இடுக்குகளில் நுழைந்தும் முழங்கால் நீரில் நடந்தும் செல்லச் செல்ல, இருபுறமும் பாறைச் சுவர் நெருங்கி வருகிறது. அருவியின் ஓசை முதலில் வந்தது; நெடுநேரம் கழித்தே அருவி வந்தது. அருவியை முழவோடு ஒப்பிட்ட சங்கப் புலவர் கண்ணைவிடக் காதை ஏன் நம்பினர் என்பது, இத்தனை ஆண்டுகள் வகுப்பெடுத்தும் விளங்காமல், அங்கேதான் விளங்கிற்று.

அருவிக்குக் கீழே நீர் கரும்பச்சையாய் அசைவற்று நின்றது. வழிகாட்டி வந்த உள்ளூர்ப் பெரியவர் கையை நீட்டி, "மடுகு, மடுகு" என்று இருமுறை சொன்னார். இடத்தின் பெயரைச் சொல்கிறார் என்றே கொண்டோம். மாணவர் ஒருவர் பாறை மேலிருந்து குதித்தார். கால் எட்டவில்லை, பற்றிக்கொள்ள வழுக்குப் பாறையன்றி வேறில்லை. பெரியவர் நீட்டிய கழியைப் பிடித்துத்தான் கரையேறினார். நெற்றியில் காயம், அவ்வளவே. திரும்பும் வழியில் எவரும் பேசவில்லை.

மடுகு என்பது நம் மடுவேதான்: ஓடையில் நீர் ஆழ்ந்து நிற்கும் குழி. கசேந்திரனின் காலை முதலை பற்றியது மடுவில். காளிங்கன் நஞ்சு கக்கிக் கிடந்தது மடுவில். அக்கதைகளைக் கேட்டு வளர்ந்த பாட்டி எவரும் பேரனை அதில் இறங்க விட்டிருக்கமாட்டார். தமிழ் இலக்கியம் கற்ற எங்களில் ஒருவர் காதிலும் அந்தச் சொல் ஏறவில்லை.

இத்தகைய இடங்களில் உயிர் போகும்போதெல்லாம் 'மூடிவிடுங்கள்' என்ற குரல் எழுகிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 பேரைக் கொண்டுபோன பின்னும் எழுந்தது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. 2024இல் தமிழக வனத்துறை 40 மலைநடைத் தடங்களை உள்ளூர் வழிகாட்டிகளுடன் திறந்தது, அதுவே முறை. ஆயினும் வழிகாட்டி உடனிருந்தும் பயனில்லாமற் போகலாம் என்பதற்கு நாங்களே சான்று. அவர் சொன்ன சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். தலகோன, கைலாசகோன என அப்பக்கத்துப் பெயர்களில் வரும் 'கோன' மலையிடைப் பள்ளத்தாக்கைக் குறிக்கும் என்பதையும் பிறகுதான் கேட்டறிந்தோம்.

இவ்வாண்டும் மாணவர்கள் புறப்படுகிறார்கள். அறிவிப்பில் 'தடா அருவி' என்றிருந்ததை அடித்து, 'உப்பலமடுகு' என்று எழுதினோம். "வரைபடத்தில் தடா என்று தேடினால்தானே ஐயா வழி காட்டுகிறது" என்றார்கள். அதுவும் மெய்தான்.