விசா வேண்டாத தீவுக்கும் விசா செலவு உண்டு!

பெரம்பலூர், அரியலூர்ல இருந்து வேலைக்குப் போற தம்பி தங்கைகள் கேட்கிறீங்க: "பார்படாஸுக்கு நமக்கு விசா வேண்டாமாமே, முதல் ஃபாரின் ட்ரிப்பே அங்க போகலாமா?" போகலாம். ஆனா டிக்கெட்டை இன்னைக்கே புக் பண்ணாதீங்க.

அங்கே இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. நியூயார்க், மயாமி வழியா போனா, ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராட்டியும் அமெரிக்க விசா கட்டாயம். விண்ணப்பக் கட்டணமே 185 டாலர்; நிராகரிச்சாலும் திரும்ப வராது. லண்டன் வழின்னாலும் பெரும்பாலும் ட்ரான்சிட் விசா கேட்பாங்க. ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டை முதல்ல வாங்கிட்டு, அப்புறம் விசாவுக்கு அலையறதுல மொத்தப் பணமும் போயிடும். ரூட்டை முடிவு பண்ணி, விசா கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட்.

அங்கே விலையில 'டாலர்'னு இருந்தா எந்த டாலர்னு கேளுங்க. 1975-லிருந்து 2 பார்படாஸ் டாலர்தான் 1 அமெரிக்க டாலர். கார்டு மெஷின் "ரூபாயில கட்டவா?"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, அந்த மாற்று விகிதம் நமக்குப் பாதகமாத்தான் இருக்கும்.

இதுக்காக பர்சனல் லோன் எடுக்கறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். பத்து நாள் கடலுக்கு மூணு வருஷ இ.எம்.ஐ.யா? கையில காசு குறைவுன்னா, திருச்சியிலிருந்தே கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கு. இ.டி.ஏ. அனுமதியை மட்டும் கிளம்பறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல வாங்கிடுங்க.