இறால் சீசனும் பள்ளிக்கூடமும்

கேள்வி: எங்களுக்கு ஏரிதான் பிழைப்பு. மூத்த மகன் ஒன்பதாம் வகுப்போடு தொழிலுக்குப் போய்விட்டான். மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. கடைக்குட்டி இரண்டாம் வகுப்பு. போன வருடம்வரை நன்றாகப் படித்த மகள் இப்போது கணக்கில் பின்தங்குகிறாள். ‘இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது’ என்கிறார்கள். உண்மைதானா?
– வாசகி, பழவேற்காடு

பதில்: உண்மையில்லை. வறுமை பிள்ளையின் அறிவைக் குறைப்பதில்லை. பள்ளிக்குப் போகும் நாட்களைக் குறைக்கிறது.

ஏரி வரும்படி மாதச் சம்பளம் போல வராது. பாடு முறை உள்ள ஊர்களில் முறை வந்தால்தான் வலை விரிக்கலாம். முகத்துவாரம் மணல் மேடிட்டால் மீனும் இறாலும் ஏரிக்குள் வருவது குறையும். வடகிழக்குப் பருவமழையில் இறால் கிடைக்கும்போது தாய் விடியுமுன் கிளம்ப, வீட்டையும் தம்பியையும் மகள் பார்க்க வேண்டியிருக்கிறது. அரையாண்டுத் தேர்வுக்கான பாடங்கள் நடப்பதும் அந்த மாதங்களில்தான். நட்ட வாரத்தில் தண்ணீர் தவறிய பயிருக்குப் பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் பழைய விளைச்சல் வராது. கணக்கும் அப்படித்தான். ஒரு வாரம் விட்டால் அடுத்த பாடம் பிடிபடாது.

முதலில், வருகைப் பதிவேட்டைப் பார்த்து, விட்ட பாடங்களை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை காலை உணவு உண்டு. தம்பிக்குச் சமைத்துப் போட அக்காள் வீட்டில் நிற்க வேண்டியதில்லை.

அடுத்து, எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்வு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வருமானச் சான்றையும் வாங்கி வையுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. மீன்வளப் படிப்பும் அதில் அடக்கம். மீன்வளக் கல்லூரி பக்கத்துப் பொன்னேரியிலேயே இருக்கிறது.

மூத்தவரும் தொழிலைப் பார்த்தபடியே தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம்.

பாடு கிடைக்கும் நாளில் வலைச் செலவுக்கு ஒதுக்குவதுபோல, ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கும் ஒரு தொகையை அஞ்சலகத்தில் போட்டு வையுங்கள். இந்த மழைக்காலத்தில் மகளின் வருகை குறையாமல் பார்த்துக்கொண்டாலே, பாதிக் கணக்கு சரியாகிவிடும்.