பாட்டு நாட்டுடைமை! புத்தி?

மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் அவர்கள் 1930-ல் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து, 1959-ல் தமது 29-வது வயதிலேயே மறைந்து விட்டார். அவர் இறந்த பின் 1961-ல் வெளிவந்த "அரசிளங்குமரி" படத்தில் ஒரு சிறுவனுக்குப் புத்தி சொல்லும் அவரது பாட்டு ஒன்று உண்டு. பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்துவோரை நம்பாதே என்பதும் அதிலுள்ள சேதி. இருட்டில் வேப்பமரத்தைக் கண்டாலே நடுங்கிக்கொண்டிருந்த நம் போன்ற பிள்ளைகளுக்கு, டீக்கடை ரேடியோ வழியாக வந்த அந்தப் பாட்டுக் கொடுத்த தைரியத்தைப் பள்ளிக்கூடம் கொடுக்கவில்லை. வாத்தியாரே தாயத்துக் கட்டியிருந்தால் எப்படிக் கொடுப்பார்?

அவர் பாட்டுகளைச் சர்க்கார் 1993-ல் நாட்டுடைமையாக்கிற்று. நாமோ பிறந்த நாள்தோறும் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். ஆனால் அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையின் கையில் கறுப்புக் கயிறும் கட்டுகிறோம். மெட்டு இனிக்கிறது, கருத்து மட்டும் கசக்கிறது என்றால், இது அவருக்குச் செய்யும் மரியாதையா, பரிகாசமா?

தோழர்களே! கவிஞரைப் பூசிக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு முன் அந்தக் கயிற்றை அறுத்தெறியுங்கள்.