ஏழைப் பிள்ளைக்காக வாதாட யார்?

முகூர்த்த நாளில் திருவந்திபுரத்துக்குப் போனால் கால் வைக்க இடமிராது. தேவநாதசாமி கோயிலில் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட கல்யாணங்கள் நடப்பது அங்கே வாடிக்கை. மேளச் சத்தம் ஓயாது, பந்தியும் ஓயாது. அந்தப் பந்தியிலே இலை எடுப்பது யார்? தண்ணீர்க் குடம் சுமப்பது யார்? அண்டா கழுவுவது யார்? 15 வயது, 16 வயதுப் பிள்ளைகள். சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு நாள் கூலிக்கும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் வந்தவர்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு செல்போன் காணாமல் போகிறதென்று வைத்துக்கொள்வோம். பட்டுச் சட்டை போட்டவர்களின் பையையா முதலில் சோதிப்பார்கள்? இல்லை. இலை எடுக்கும் பையனைத்தான் பிடிப்பார்கள். “விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்” என்று போலீசார் அழைத்துப் போவார்கள். தகப்பன் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போயிருப்பான். தாய் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து அழுவாள். நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைப்பாள். அதில் என்ன எழுதியிருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் பையனை நீதிக் குழுமத்தின் முன்னே நிறுத்துவார்கள். குற்றம் சாட்டுகிறவர்கள் பக்கத்தில் போலீஸ் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, சர்க்கார் இருக்கிறது. பையன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இதுதான் நாம் கேட்கும் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை நாம். ஏட்டிலே சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. 1976-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 39-ஏ பிரிவு, பணமில்லாத காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்கிறது. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு, குழந்தைகளுக்கு இலவச வக்கீல் உண்டு என்கிறது. இதற்கு வருமானச் சான்று கூடத் தேவையில்லை. குழந்தை என்பதே போதும்.

2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 18 வயது நிரம்பாதவரைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது. சிறையில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்டிரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளைக்குச் சட்ட உதவி கிடைக்கும்படி பார்ப்பது அந்தக் குழுமத்தின் கடமை என்று 8-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

2016-ல் வந்த மாதிரி விதிகள் போலீசாருக்கும் கட்டளையிடுகின்றன. பிள்ளைக்கு விலங்கு மாட்டாதே; வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்காதே; பெற்றோருக்குத் தகவல் சொல்; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் சொல் என்கின்றன. செல்போன் திருட்டு மாதிரியான வழக்கில், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் இல்லாவிட்டால், முதல் தகவல் அறிக்கையே போட வேண்டியதில்லை. பொது நாட்குறிப்பில் எழுதினால் போதும்.

ஆனால் சட்டம் தானாக நடந்து வந்து ஸ்டேஷன் வாசலில் நிற்குமா? நிற்காது. “இந்தப் பிரிவு இருக்கிறதே, ஏன் மீறினீர்கள்?” என்று கேட்க ஒரு வாய் வேண்டும். அந்த வாய்க்குப் பெயர்தான் வக்கீல்.

“தாய் மாதிரிக் கோர்ட்” என்ற வாதம்

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். “இது தண்டிக்கும் இடமல்லவே, திருத்தும் இடம். குழுமமே பிள்ளைக்குத் தாய் தந்தை மாதிரி. வக்கீல் எதற்கு? அவர் வந்தால் வாதப் பிரதிவாதம்தான் மிஞ்சும்” என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. இது பழைய வாதம். 1920-ல் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இப்படிப்பட்ட சட்டங்களில் அதுதான் முதலாவது. அந்தக் காலந்தொட்டு இந்த “தாய் தந்தை” பேச்சு உலகெங்கும் நடந்து வந்திருக்கிறது.

இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1964-ல் அரிஸோனா மாநிலத்தில் 15 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குப் போன் செய்து ஆபாசமாகப் பேசினான் என்பது புகார். பிடித்துப் போனதைப் பெற்றோருக்குச் சொல்லவில்லை. வக்கீல் கிடையாது. புகார் கொடுத்த அம்மாள் கோர்ட்டுக்கே வரவில்லை. விசாரணையில் என்ன பேசினார்கள் என்று எழுதி வைக்கவுமில்லை. தீர்ப்பு என்ன? 21 வயது வரை, அதாவது 6 வருஷம் வரை, சீர்திருத்தப் பள்ளியில் அடைப்பு! இதே குற்றத்தை வயது வந்த ஒருவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. இவ்வளவுதான்.

அந்த வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1967 மே 15-ல் தீர்ப்பு வந்தது. சிறுவர் கோர்ட் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் நீதி வந்துவிடாது. பிள்ளைக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. வசதியில்லை என்றால் சர்க்கார் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்லிற்று. கால்ட் வழக்கு என்று உலகம் அதைச் சொல்கிறது.

தாய் பிள்ளையை அடித்தால் பிள்ளை பாட்டியிடம் ஓடும். சர்க்கார் என்ற தாய் அடித்தால் பிள்ளை யாரிடம் ஓடும்?

செங்கல்பட்டில் நடந்தது

அமெரிக்கா வரை போவானேன்? நம் செங்கல்பட்டைப் பாருங்கள். 2022 டிசம்பர் கடைசியில் தாம்பரத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவனை ரயில்வே போலீசார் பிடித்தார்கள். பேட்டரி திருடினான் என்பது குற்றச்சாட்டு. செங்கல்பட்டு சர்க்கார் இல்லத்தில் அடைத்தார்கள். டிசம்பர் 31-ம் தேதி அவன் பிணமானான். அடித்துக் கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டில் இல்லத்தின் ஊழியர்கள் 6 பேர் 2023 ஜனவரியில் கைது செய்யப்பட்டார்கள்.

பேட்டரி திருட்டு என்ற புகாருக்குச் சட்டம் என்ன சொல்கிறது? 12-வது பிரிவைப் பாருங்கள். ஜாமீனில் விடத்தக்க குற்றமோ, விடத்தகாத குற்றமோ, பிள்ளையை ஜாமீனில் விட வேண்டும் என்பதே பொது விதி. ஆள் ஜாமீன் வாங்கியோ வாங்காமலோ விடலாம். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடலாம். மறுப்பதற்கு மூன்றே காரணங்கள்தான் உண்டு: தெரிந்த குற்றவாளிகளோடு பிள்ளை சேர்ந்துவிடும் என்பது ஒன்று, பிள்ளைக்கே ஆபத்து என்பது இரண்டு, விட்டால் நீதி கெடும் என்பது மூன்று. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும்.

முதல் நாளிலேயே ஒரு வக்கீல் எழுந்து நின்று, “ஐயா, இந்த மூன்றில் எந்தக் காரணம் இந்தப் பிள்ளைக்குப் பொருந்தும்?” என்று கேட்டு, நியாயம் கிடைத்தால், பிள்ளை அன்றிரவு தன் வீட்டில் தூங்கும். ஜாமீன் கொடுத்த பின்னும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் 7 நாள் உள்ளே கிடந்தால், நிபந்தனையை மாற்றப் பிள்ளையை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். இதுவும் சட்டம். சொத்து ஜாமீனுக்கு வழியில்லாத கூலித் தொழிலாளிக்காக எழுதப்பட்ட விதி இது. அந்தத் தொழிலாளிக்கு இதை யார் சொன்னார்கள்?

ஆகவே நாம் சொல்கிறோம்: வக்கீல் முதல் நாளில் வர வேண்டும். மூன்றாவது மாதம் வருகிற வக்கீல், செத்த பின் வருகிற வைத்தியர்.

வயதும் வழக்கும்

இரண்டு இடங்களில் பிள்ளைகள் முழுகிப் போகிறார்கள்.

ஒன்று, வயது. 17 வயதுப் பையனை ‘19’ என்று ஒரு காகிதத்தில் எழுதிவிட்டால் அவன் குழுமத்துக்கே வருவதில்லை. பெரியவர்களின் கோர்ட்டுக்கும் சிறைக்கும் போய்விடுகிறான். பள்ளிக்கூடச் சான்று, அது இல்லாவிட்டால் ஊராட்சியோ நகராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை என்று 94-வது பிரிவு வரிசை கட்டுகிறது. பாதியில் படிப்பை விட்ட பிள்ளையின் சான்றைப் பழைய பள்ளிக்கூடத்தில் தேடி எடுத்து வருவது யார்?

இரண்டாவது, 16 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் மேல் வரும் பெரிய வழக்குகள். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றமென்றால், பிள்ளையைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பிடும். சாதி மாறிக் காதலித்து ஓடிப்போன பிள்ளைகள் மேல் பெண் வீட்டார் கொடுக்கும் புகாரும் 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டத்தில் இந்த வகையிலே விழக் கூடும். குழுமத்திலேயே வழக்கு முடிந்தால் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 ஆண்டு. மேலே போனால் பல ஆண்டுச் சிறை. ஒரு பிள்ளையின் வாழ்வு எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்த மதிப்பீடு தீர்மானிக்கிறது. அந்த நேரத்தில் வக்கீல் இல்லாமல் பிள்ளையை நிறுத்துவது நியாயமா?

கடலூருக்குத் தெரியும்

வக்கீலின் அருமை கடலூர்ச் சீமைக்குத் தெரியாததல்ல. 1918 நவம்பரில் பாரதியாரைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள். அவருக்காகப் பேசச் சென்னையில் பெரிய மனிதர்கள் இருந்தார்கள்; டிசம்பரில் வெளியே வந்தார். 1993-ல் கம்மாபுரம் போலீசார் பிடித்துப் போன முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவுக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. அவர் உயிரோடு திரும்பவில்லை. அவருடைய மனைவி பார்வதி விடவில்லை. வக்கீல் சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். 2006-ல் அந்த நீதிமன்றம் போலீசாரைத் தண்டித்தது. ஒரு ஏழைக் குறவர் குடும்பத்தின் பக்கம் ஒரு வக்கீல் நின்றதால் உண்மை வெளியே வந்தது. ஆனால் உயிர் வரவில்லை.

அதே சந்துரு நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பின், சிறுவர் இல்லங்களைச் சீர்திருத்த யோசனை சொல்லும்படி தமிழ்நாடு சர்க்கார் 2023-ல் அவரைக் கேட்டுக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். அறிக்கை வாங்கிப் பீரோவில் வைப்பதற்கல்ல என்பதைச் சர்க்காருக்கு நினைவூட்டுகிறோம்.

திருடனுக்கு வக்காலத்தா?

“பறிகொடுத்தவனுக்கு நியாயம் வேண்டாமா? திருடனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே!” என்று கேட்பவர்கள் உண்டு. பறிகொடுத்தவர்களும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்தான். உழைத்து வாங்கிய பொருள் போனால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் தப்பான பையனைப் பிடித்து அடைத்தால் போன பொருள் வந்துவிடுமா? உண்மையில் எடுத்தவன் வெளியே திரிவான். தப்புச் செய்த பையனாகவே இருந்தாலும், அவனை அடித்து வளர்த்தால் நாளைக்குப் பெரிய திருடனாகத்தான் வருவான். உண்மையைக் கண்டுபிடிக்க இரண்டு பக்கமும் பேச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பேசுவதற்கு விசாரணை என்று பெயரில்லை.

பணக்காரர் வீட்டுப் பிள்ளை கார் ஓட்டி ஆளை மோதினால், பிள்ளை வீடு வந்து சேரும் முன்னே வக்கீல் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறார். அதை யாரும் ‘வக்காலத்து’ என்று ஏசுவதில்லை. ஏழைப் பிள்ளைக்கு அதே உரிமையைக் கேட்டால் மட்டும் ஏன் ஏசுகிறார்கள்?

நாம் கோருவது

சர்க்காரையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. பிள்ளையைப் பிடித்த உடனே வக்கீலுக்குத் தகவல் போக வேண்டும். போன நேரத்தைப் போலீசார் எழுதி வைக்க வேண்டும். குழுமம் கூடும் ஒவ்வொரு நாளும் வக்கீல் அங்கே இருக்க வேண்டும். முதல் நாள் வந்த வக்கீலே கடைசி நாள் வரை அந்தப் பிள்ளைக்கு வர வேண்டும். வாய்தாவுக்கு ஒரு முகம் கூடாது. போலீசார் காதில் விழாமல் பிள்ளையோடு தனியே பேச அவருக்கு இடம் வேண்டும். கூர்நோக்கு இல்லத்துக்கு வக்கீல்கள் வாரந்தோறும் போய்ப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். வக்கீலுக்கு வயிறு நிறையும்படி சம்பளம் கொடுக்க வேண்டும். சொற்பப் படியைக் கொடுத்துவிட்டு முழு வேலையை எதிர்பார்ப்பது முதலாளியின் புத்தி.

நம் மக்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை ஸ்டேஷனுக்கு அழைத்தால் தாயைத் தனியே அனுப்பாதீர்கள். சங்கத்துத் தோழர்கள் நாலு பேர் கூடப் போங்கள். படிக்காத காகிதத்தில் கைநாட்டு வைக்க விடாதீர்கள். பள்ளிக்கூடச் சான்றைக் கையோடு கொண்டு போங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து பிள்ளைக்கு வக்கீல் கேளுங்கள். 1098 என்ற எண்ணையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். இது பிச்சையல்ல, சட்டம் கொடுத்த உரிமை.

அடுத்த முகூர்த்தத்துக்கும் திருவந்திபுரத்தில் மேளம் கொட்டும். பிள்ளைகள் இலை எடுக்க வருவார்கள். அவர்களில் ஒருவன் பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாவிட்டால், அவனுக்காகக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும். இருக்கும்படி செய்வது சர்க்காரின் கடமை. செய்ய வைப்பது நம் கடமை!