விமானி மணிக்கூடும் முதற் சம்பளமும்



எனது பெறாமகன் ஊரிலிருந்து வந்து ஒபர்வில்லியேயில் எங்களோடு தங்கியிருக்கிறான். விசா கிடைத்து, உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலையும் கிடைத்தது. முதற் சம்பளத்தில் தாய்க்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு, மிச்சத்தைச் சேர்த்து ஒரு மணிக்கூடு வாங்கவேண்டும் என்றான். சும்மா மணிக்கூடு அல்ல; பெரிய வட்டத்துக்குள் இரண்டு சின்ன வட்டம், பக்கத்தில் இரண்டு பொத்தான், விமானிகள் கட்டுவது போன்றது. பற்றரி இல்லாமல் சாவி கொடுத்து ஓடவேண்டுமாம்.

"போனிலை நேரம் இருக்குத்தானே, பிறகென்னத்துக்கடா?" என்று சித்தி கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த ஆசை விளங்கியது. மத்திய கிழக்கிலிருந்து வந்தவர்களின் கையில் செய்க்கோவைக் கண்டு ஏங்கிய ஆள் நான். அவனோடு நாலைந்து கிழமை அலைந்தேன். வேறு பிள்ளைகளும் கேட்பார்கள் என்பதால் அறிந்ததை எழுதுகிறேன்.

இந்த வகைக்குக் குரோனோகிராப் என்று பெயர். ஒரு பொத்தானை அமத்த முள்ளு ஓடும், மறுபடி அமத்த நிற்கும். மற்றப் பொத்தான் அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும். 1950களில் பிரெஞ்சு இராணுவம் தன் விமானிகளுக்காக ‘ரைப் 20’ என்று விதிமுறை வகுத்து, பிரெகே, டொடான் முதலிய நிறுவனங்களிடம் செய்வித்தது. முள்ளு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரே அமத்தலில் பூச்சியத்துக்குப் போய்த் திரும்ப ஓடவேண்டும் என்பது நிபந்தனை. மேகத்துக்குள் பறப்பவர் இந்தத் திசையில் இத்தனை நிமிடம், பிறகு திரும்பு என்று கணக்கு வைத்துப் போவார். திருப்பத்துக்குத் திருப்பம் மூன்று தரம் பொத்தான் அமத்த அவருக்கு நேரமில்லை. கிளிஞாங்கூர் பக்கத்துப் பழஞ்சாமான் சந்தைக்கும் போனோம். அந்தக் காலத்து ரைப் 20 ஆயிரக்கணக்கான யூரோ. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

எங்களுக்குக் கட்டுப்படியாவது சீனத்து மணிக்கூடு. 1961 இல் சீன விமானப்படைக்காக இப்படியொன்று செய்யும் வேலை தியென்சின் தொழிற்சாலையில் தொடங்கியது. சுவிற்சர்லாந்தின் வீனஸ் நிறுவனத்திடம் பொறிகளை வாங்கி, வீனஸ் 175 என்ற இயந்திரத்தைப் பின்பற்றிச் செய்தார்கள். அதன் வழிவந்த எஸ்.ரி. 19 என்ற இயந்திரம் பூட்டிய மணிக்கூடுகள் ‘1963’ என்ற பெயரில் இன்றும் விற்கின்றன. இருநூறு, முந்நூறு யூரோவுக்குள் எடுக்கலாம். ஓடும்போதே திரும்பும் வசதி இதில் கிடையாது. நிறுத்திவிட்டுத்தான் பூச்சியமாக்க வேண்டும்.

அவன் முதலில் காட்டியது மெற்றோ வாசலில் ஒருவர் விரித்து வைத்திருந்த பெரிய பெயர்க்காரரின் மணிக்கூடு, நாற்பது யூரோ. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். போலிச் சாமான் வைத்திருந்தாலே பிரான்சில் குற்றம்; சுங்க அதிகாரிகள் பறிப்பதோடு அபராதமும் போடலாம். நேற்று விசா எடுத்தவனுக்கு இது தேவையா? அதோடு அதற்குள் இருப்பதும் பெரும்பாலும் பற்றரிதான். நொடிமுள்ளைப் பாருங்கள். பற்றரியில் அது வழக்கமாக நொடிக்கு ஒருதரம் துள்ளும். நான் சொன்ன சீன இயந்திரத்தில் நொடிக்கு ஆறு தரம் அசைவதால் வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

சீனாவிலிருந்து நேரே எடுப்பித்தால் விலையோடு இருபது வீத வரி சேரும். சுங்கத்தீர்வையும் சேரலாம். பிரான்சிலுள்ள கடையில் புதிதாக வாங்கினால் சட்டப்படி இரண்டு வருட உத்தரவாதம் இருக்கிறது. பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். ஏனென்றால் சில வருடங்களுக்கு ஒருதரம் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடவேண்டும். குரோனோகிராப்புக்குக் கேட்கும் கூலி மலிவு மணிக்கூட்டின் விலையையே எட்டிவிடும். இதை முதலில் சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டான் என்று என் மனைவி இப்போதும் சொல்கிறார்.

வாங்கிய கிழமை இடி முழங்கியது. மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையில் எத்தனை நொடி என்று பார்த்தால் தூரம் தெரியும், மூன்று நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் என்று சொல்லிக் கொடுத்தேன். சில குரோனோகிராப்புகளில் இதற்கென்றே அளவுகோல் உண்டு. பீரங்கியின் தூரத்தைப் பார்க்கவும் அதைப் பாவித்தார்கள். அவன் பொத்தானை அமத்தி நிறுத்தினான். ஒன்பது நொடி.

"மூண்டு கிலோமீற்றர்" என்றவன், கொஞ்சம் பொறுத்து, "எனக்கு எண்ணத் தெரியும் சித்தப்பா. பங்கருக்குள்ளை குத்துற சத்தம் கேட்டவுடனை அம்மா எண்ணத் தொடங்குவா. விழுமட்டும் நாங்களும் சேர்ந்து எண்ணுவம்" என்றான். 2009 இல் அவனுக்கு ஆறு வயது. என் மனைவி எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனார். அதற்குப் பிறகு அந்த மணிக்கூட்டைப் பற்றி அவர் குறை சொன்னது கூலிக் கணக்கில் மட்டுந்தான்.

தாய்க்கு விலை முப்பது யூரோ என்றுதான் சொல்லியிருக்கிறான். நானும் திருத்தவில்லை.

இன்னொன்று. பின்மூடியில் முப்பது மீற்றர் என்று எழுதியிருப்பதை நம்பித் தண்ணீருக்குள் கை வைக்காதீர்கள். அது மழைத்தூறலுக்கு மட்டுந்தான். காலையில் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டு போகிறவன், வேலையிடத்தில் கழற்றிச் சப்பாத்துக்குள் வைத்துவிட்டுத்தான் கோப்பை கழுவப் போகிறான்.