கொழும்பின் விலைவாசியில் அளக்கப்படும் மத்திய வங்கி

வட்டியே வேண்டாம் என்றிருப்பவனுக்கு மத்திய வங்கியை யார் நடத்தினால் என்ன? யாழ்ப்பாணச் சோனகத் தெருப் பக்கம் இப்படிக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2022 அதற்குப் பதில் சொல்லிவிட்டது. அரசாங்கத்தின் செலவுக்காகப் பணம் அச்சிடப்பட்டபோது, கடனே வாங்காதவரின் கைக்காசும் சேர்ந்தே கரைந்தது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்தபின் திரும்பிவந்து, இடிந்த வீட்டைக் கட்டுவதற்குச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களை நினைத்துப் பாருங்கள். கட்டடம் வைத்திருந்தவரின் சொத்து விலையோடு ஏறியது. காசு மட்டும் வைத்திருந்தவருக்கோ சீமெந்தும் கம்பியும் எட்டாத தூரத்துக்குப் போயின.

இதில் பிழை ஆட்களிடம் மட்டும் இருக்கவில்லை, அமைப்பிலும் இருந்தது. 1949 ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தின்படி நாணயச் சபையில் ஆளுநரோடு திறைசேரியின் செயலாளரும் உறுப்பினர். பணம் கேட்பவரும் பணம் கொடுப்பவரும் ஒரே மேசையில்! 2023 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அந்தக் கதிரையை எடுத்துவிட்டது. நிர்வாகத்துக்கு ஆளும் சபை, வட்டி வீதத்தைத் தீர்மானிக்க நாணயக் கொள்கைச் சபை என இரண்டு சபைகள் வந்தன. இரண்டுக்கும் ஆளுநரே தலைவர். ஆளுநரை ஜனாதிபதி நியமிக்க அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் தேவை. அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதும் தடுக்கப்பட்டிருக்கிறது. இது நல்ல சட்டம் என்பதே என் கருத்து. ஆனால் சுதந்திரம் கிடைத்த கையோடு வங்கி தன் ஊழியர்களுக்குப் பெரிய சம்பள உயர்வைக் கொடுத்து, 2024 இல் பாராளுமன்றத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் மறக்க முடியாது.

பதில் சொல்ல வைக்கும் ஏற்பாடும் சட்டத்தில் உண்டு. நிதியமைச்சரோடு செய்த ஒப்பந்தப்படி பணவீக்க இலக்கு 5 சதவீதம். தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் அதிலிருந்து 2 புள்ளிக்கு மேல் விலகினால் பாராளுமன்றத்துக்கு விளக்கம் கொடுக்க வேண்டும். 2024 இல் பணவீக்கம் மிகக் கீழே இறங்கியபோது அப்படியொரு அறிக்கை வந்தது.

சரி, அந்த 5 சதவீதம் எங்கே அளக்கப்படுகிறது? கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில். கொழும்பு மாவட்ட நகரக் குடும்பங்கள் வாங்கும் பொருட்களின் விலை அது. சுன்னாகம் சந்தையின் வெங்காயம், குருநகர் மீனவரின் மண்ணெண்ணெய், ஏ-9 வீதியால் லொறியில் ஏறிவரும் சாமானின் கூலி எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. எல்லா மாகாணங்களையும் சேர்த்த தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் தனியாக இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண் 69.8 சதவீதம் என்றது, தேசியச் சுட்டெண் 73.7 சதவீதம் என்றது. தேசியச் சுட்டெண் சுமார் மூன்று வாரம் பிந்தி வருகிறது என்பது வங்கிக்குச் சிரமந்தான். ஆனால் காலாண்டுக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு மூன்று வாரம் பெரிய தாமதமா?

அமெரிக்காவில் மத்திய வங்கி அமைப்புக்குள்ளேயே 12 பிராந்திய வங்கிகள் உள்ளன. வட்டி வீதத்தைத் தீர்மானிக்கும் 12 வாக்குகளில் 5 அவற்றின் தலைவர்களுக்குரியவை. எமது சிறிய நாட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. எமது இரு சபைகளுக்கும் சட்டம் கேட்பது நிபுணத்துவத்தை. அது சரியே, இன ஒதுக்கீடோ மாவட்ட ஒதுக்கீடோ நான் கேட்கவில்லை. ஆனால் அந்த நிபுணர்கள் எந்தச் சந்தையின் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்று கேட்க வடக்கு, கிழக்கு, மலையக மக்களுக்கு உரிமை உண்டு. எந்தச் சுட்டெண் என்பது சட்டத்தில் எழுதப்பட்டதல்ல, வர்த்தமானியில் வந்த ஒப்பந்தத்தில் உள்ளது. அதை மாற்றச் சட்டத்திருத்தம் வேண்டியதில்லை. நிதியமைச்சரும் மத்திய வங்கியும் இணங்கினால் போதும். அடுத்த முறை ஆளுநர் பாராளுமன்றக் குழு முன் வரும்போது வடக்கின் உறுப்பினர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.